பதினெட்டுப் படிவங்களும் பத்து விரல்களும்

1987 செப்டம்பர் 19, காலை ஒன்பது மணி. பதினெட்டுப் படிவங்கள். பெயர், ராஜாங்கம். நான்தான். சங்கராபுரத்தில் முறைசாராக் கல்வித் திட்டத்தின் தற்காலிக மேற்பார்வையாளர்.

பள்ளிக்கூடம் போகாமலே கல்வராயன் மலைப் பெண்கள் பதினெட்டுப் பேர் என்னென்ன கற்றிருக்கிறார்கள் என்று நேரில் கேட்டு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அறிக்கை பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் வெட்டிப்போட்ட மரங்கள். பஸ் இல்லை. ஆகவே வீட்டில் உட்கார்ந்தே மலையை அளந்துவிடுவது என்று தீர்மானித்தேன். பதினெட்டிலும் ‘கையெழுத்துப் போடக் கற்றார்’ என்று எழுதினேன். கீழே கைநாட்டு வேண்டுமே? கைவிரல் பத்தையும் மையில் உருட்டினேன். மீதி எட்டுக்குக் கால்விரல்.

மனைவி சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். பள்ளி வாசலை மிதிக்காதவள்.

“இன்னாங்க, கால்ல மை?”

“ஆபீஸ் வேலை. உனக்குப் புரியாது.”

“அதுல இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?”

பெருமையாகவே வாசித்துக் காட்டினேன்.

“கையெழுத்து கத்துக்கினவ எதுக்குங்க கைநாட்டு வச்சா?”

மை பூசிய காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“பதினெட்டு பொம்பளைங்க ஒரே பேச்சு பேசி எங்கனா பாத்துக்கிறீங்களா?”

“பஸ் ஓடல. நான் இன்னா பண்றது?”

“மரம் பஸ்ஸத்தான மறிக்குது? கால மறிக்கலியே.”

படிவங்கள் அடுப்புக்குப் போயின. சந்தைக்கு வந்து பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட மலைப் பெண்களோடு சின்னப்பொண்ணு அன்றே மலைக்கு நடந்துவிட்டாள். ஐந்தாம் நாள் திரும்பினாள், ஒரு மூட்டையோடு. கடுக்காய், சாமைக் கதிர், நண்டு ஓடு. பதினெட்டுப் பேருக்கு அடையாளமாகப் பதினெட்டுப் பொருள்.

“கடுக்காய் ரங்கம்மாளுது. தராசுத் தட்ட மாத்திப் போட்டு நிறுக்கச் சொன்னா வியாபாரி திருட்டு வெளிய வந்துடும்னு கத்துக்கினா. நண்டு ஓடு பாப்பாத்தியுது. நண்டு வளைய மூடினா மழைன்னு ஏழு வாட்டி சொன்னாளாம். ரெண்டு வாட்டி தப்பு.”

“தப்பை எதுக்குச் சொல்லணும்?”

“தப்ப சொன்னாத்தாங்க மீதி அஞ்ச நம்புவாங்க.”

பி.ஏ. வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்தேன். இதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. வாய் பிளந்தபடியே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஓடியது. “நானும் வரேங்க” என்று அவளும் ஏறினாள். கூட்டத்தில் நான் இரண்டாம் பக்கம் வாசிக்கும்போதே அதிகாரி குறுக்கிட்டார்.

“அந்த ரெண்டு தப்பும் எந்த மாசம்?”

நான் தாளைப் புரட்டினேன். பின்வரிசையில் சின்னப்பொண்ணு எழுந்தாள்.

“சித்திரையிலங்க. அது கோடை மழை, நண்டுக்கே தெரியாது.”

மூட்டை மேசைக்கு வந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1988 பிப்ரவரி 1 அன்று மலைப் பகுதியின் நிரந்தர மேற்பார்வையாளராகச் சின்னப்பொண்ணு நியமிக்கப்பட்டாள். அவள் சொல்வதை எழுத, தற்காலிகமாக, நான்.