பின்னல் சங்கத்துக்கு ஒரு தலைவர்

ஒரு சங்கத்தை ஒழித்துக்கட்ட வேண்டுமென்றால் அதற்குத் தலைவராகிவிட வேண்டும். சூசையப்பன் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அனுபவத்தில் கண்டது. எஸ்டேட்டில் சாவுச் செலவுக்கு உதவ ஒரு சங்கம் இருந்தது. எட்டு மாதத்தில் அதுவே செத்தது. குடி ஒழிப்புச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். கோயில் பாட்டுக்குழு ஈஸ்டருக்கு முன்பே தொண்டை கட்டிக் கலைந்துபோனது. மூன்றுக்கும் தலைவர் அவரேதான்.

ஆகையால், மனைவி கத்தரீனாள் நடத்துகிற பின்னல் சங்கத்துக்கும் தலைவராகிவிடுவது என்று பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆறிப்போன ஆட்டுக்கறிக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து தீர்மானித்தார்.

அப்போது பள்ளிவாசல் என்கிற மலையூரில் மின்சார நிலையம் கட்டுகிற வேலை தொடங்கியிருந்தது. அதற்கு மேலே, மேகம் வந்து உட்காரும் உயரத்தில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். பறித்துவந்த கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடிக்குச் சூசையப்பன் மேஸ்திரி. வாரத்தில் ஆறு நாளும் அவருக்குத் தூக்குச்சட்டிச் சோறு. ஞாயிறு ஒருநாள்தான் இலை போட்டு, ஆவி பறக்கச் சாப்பிடுவார். கிறிஸ்மஸ் கழிந்ததிலிருந்து அந்த ஆவி போய்விட்டது. கத்தரீனாள் பூசைக்குப் போகுமுன்பே ஆக்கி மூடி வைத்துவிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். குழம்பைச் சூடாக்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். சூசையப்பனிடம் யாரும் கேட்கவில்லை.

கத்தரீனாள் எட்டு வருஷம் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே துரைசானியின் கையைப் பார்த்துப் பார்த்துப் பின்னல் படித்துக்கொண்டாள். பங்களாவில் பூச்சி அரித்துக் கழித்துப்போட்ட கம்பளிச் சட்டைகளைக் கேட்டு வாங்கி, பிரித்து, அலசி, உருண்டை பிடித்து வைத்திருந்தாள். ஊசிக்கும் பஞ்சமில்லை. அந்த ஊர் மழைக்கு எந்தக் குடையும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. குடைக்கம்பியை வெட்டி முனையைக் கல்லில் தேய்த்தால் ஊசி. லயம் என்கிற கூலிவீட்டு வரிசைகளில் இருந்த பெண்கள் பதினொரு பேர், வேலை நாட்களில் கைப்பிள்ளைகளைக் கிடத்துகிற கொட்டகையில் ஞாயிறு தோறும் கூடி, பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குக் குல்லாயும் மார்ச்சட்டையும் காலுக்கு மேஜோடும் பின்னினார்கள். ஜூன் மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்பது கணக்கு. போன மழையில் அந்த லயங்களிலிருந்து மூன்று குழந்தைகளைச் சளி கொண்டுபோயிருந்தது.

இதெல்லாம் சூசையப்பனுக்குத் தெரியும். ஆறிய குழம்பு அதைவிட நன்றாகத் தெரிந்தது.

"ஏட்டி கத்தரீ, உங்க சங்கத்துக்குத் தலைவர் யாரு?"

"யாரும் இல்ல."

"தலைவர் இல்லாம ஒரு சங்கமா? தலையில்லாத கோழி மாதிரி."

"தலையில்லாத கோழிதான் குழம்புக்கு ஆவும்," என்றாள் கத்தரீனாள்.

"வேணும்னா நான் இருக்கேன்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, சரி வாங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். மறுத்தால் சொல்வதற்கென்று சூசையப்பன் நாலு நியாயங்கள் தயார் செய்து வைத்திருந்தார். நாலும் வீணாயின.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு கொட்டகைக்குப் போனார். அதில் பதினாலு சட்டங்கள் எழுதியிருந்தன. செபம் சொல்லித்தான் கூட்டம் தொடங்க வேண்டும். இரண்டு மணிக்குப் பிந்தி வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது. பின்னும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. பதினாலாவதாக, முடித்த ஒவ்வொரு சாமானும் தலைவர் கண்ணால் பார்த்துத் தேறின பிறகே கூடைக்குள் போகவேண்டும். பெண்கள் ஒன்று கூடுவதே பேசுவதற்குத்தான் என்பது அவர் எண்ணம். வாயைக் கட்டினால் கால் தானாக வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒரு மாதம் தாங்காது என்று மனதுக்குள் நாள் குறித்தார்.

மாதக் கடைசியில் கூடையில் இடமில்லை.

முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் பேசி ஒரு குல்லாயைப் பாதி முடித்தவர்கள் இப்போது ஆளுக்கு ஒன்று முடித்து இரண்டாவதைத் தொடங்கினார்கள். கொழுந்து பறிப்பதில் மூத்தவளான மூக்கம்மாள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் வந்து, தலைவர் வந்தது நல்லதாப் போச்சு என்று மனதாரச் சொன்னாள். "இத்தன நாளும் வாய் பேசிச்சு, கை கேட்டுக்கிட்டு இருந்திச்சு மேஸ்திரி."

பிந்தக்கூடாது என்ற சட்டமும் அப்படியே. மனைவிமார் நேரத்துக்குப் போகவேண்டுமென்று லயத்து ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்களைத் தாங்களே கழுவத் தொடங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை ஃபாக்டரியில் அவர்கள் சூசையப்பனைப் பார்த்த பார்வையில் கொழுந்து தானாகவே வாடியிருக்கும்.

செபத்தை நீட்டிப் பார்த்தார். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முழுவதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பெண்கள் செபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே பின்னினார்கள். ஒரு செபமாலைக்கு ஒரு மேஜோடு என்று அளவு வைத்துக்கொண்டார்கள். மூக்கம்மாள் சுடலைமாடனைக் கும்பிடுகிறவள். அவளே ஒருநாள், அந்த மாதா பிரார்த்தனையையும் சேர்த்துச் சொல்லிருங்க, குதிகால் பாக்கி கெடக்கு என்று கேட்டுக்கொண்டாள்.

மிச்சமிருந்தது பதினாலாவது சட்டம். அன்று மூக்கம்மாளின் குல்லாயைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தேறாது, கண்ணி விட்டிருக்கிறது என்றார். கண்ணி என்பது பின்னலில் ஒரு வளையம் என்பது அவருக்கு அரைகுறையாகத் தெரியும். அவருக்கு முழுதாகத் தெரிந்த கண்ணி காட்டுமுயலுக்கு வைக்கிறது.

எந்த இடத்தில் என்று காட்டச் சொன்னாள் மூக்கம்மாள்.

சூசையப்பன் தேடினார். குல்லாயின் உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். பதினொரு பேரும் அவருடைய சட்டத்தை மதித்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அந்த மௌனம் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அதை எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை.

"முன்னால நிக்கத் தெரிஞ்சா போதாது மேஸ்திரி," என்றாள் மூக்கம்மாள். "பின்னத் தெரியணும்."

வாய் திறந்ததற்காக அவளை அவர் கண்டிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, அந்தக் கண்ணி என்பது என்ன, அதை எப்படி விடுகிறார்கள் என்று கத்தரீனாளிடம் பொதுவாக விசாரித்தார். தலைவர் என்ற முறையில்தான். அவள் சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு குடைக்கம்பிகளையும் சாம்பல் நிறக் கம்பளி உருண்டை ஒன்றையும் அவர் மடியில் வைத்தாள். அவர் விரலைத் தன் விரலால் வளைத்து, நூலை எங்கே பிடிப்பது, எவ்வளவு இறுக்குவது என்று காட்டினாள்.

இருபத்திரண்டு வருஷமாக விடிகாலையில் கொழுந்தைக் கையில் அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்து பார்க்கிறவர் அவர். உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் வாடியது பதம். சட்டென்று விரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம். எந்தக் கருவியும் இல்லாமல் அந்த விரல்கள் சொன்னதைத்தான் ஃபாக்டரி கேட்டது. அதே விரல்களுக்குக் கம்பளியின் இழுப்பு மூன்றாம் நாளே பிடிபட்டுவிட்டது. ஒரு வாரத்தில் அவர் வரிசை கோடு போட்டதுபோல் வந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் பின்னினார். ஆனால் தினமும் பின்னினார். ஒரு வரிசை முடிகிறபோது, அது முடிகிறவரை தான் எதையுமே நினைக்கவில்லை என்று கண்டுபிடித்து ஆச்சரியப்பட்டார். ஃபாக்டரியை நினைக்கவில்லை, குழம்பை நினைக்கவில்லை.

கலியாணமான நாளிலிருந்து சாயங்காலங்களில் அவர்கள் அதிகம் பேசினதில்லை. இப்போதும் பேசவில்லை. ஆனால் இந்தப் பேசாமை வேறு மாதிரி இருந்தது. அடுப்பின் இந்தப் பக்கம் இரண்டு கம்பி, அந்தப் பக்கம் இரண்டு கம்பி.

ஒருநாள் கத்தரீனாள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: "அந்தோணி பொறந்த வருசம் எனக்கு இது தெரியாது."

அந்தோணி அவர்களுடைய முதல் பிள்ளை. திசையன்விளைப் பக்கத்திலிருந்து மலை ஏறிய முதல் வருஷம், ஆடி மழையில் பிறந்து நாற்பது நாள் இருந்தான். அவன் பெயரை அவள் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. சூசையப்பன் குனிந்து பார்த்தபோது எண்ணிக்கை தப்பிப்போயிருந்தது. அந்த வரிசை முழுவதையும் மெதுவாகப் பிரித்து மறுபடி தொடங்கினார்.

அவர் முடித்த முதல் குல்லாயை யாருக்கும் தெரியாமல் கூடையில் போட்டார். அது மூக்கம்மாளின் மகள் வயிற்றுப் பேரனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூன் மழை பிடித்தபோது, கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து சாம்பல் நிறத் தலை ஒன்று வெளியே எட்டிப் பார்ப்பதை அவர் லயத்து வாசலில் கண்டார். ஃபாக்டரிக்குப் போகக் குறுக்குவழி இருந்தும் சில நாட்கள் அந்த வாசல் வழியாகவே சுற்றிப் போனார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் நல்லதம்பி நனைந்த குடையோடு கொட்டகைக்கு வந்தார். கையில் இரண்டு காகிதங்களை ஒன்றாகக் குத்தி வைத்திருந்தார். விஷயம் இதுதான்: உரமூட்டை வைக்க இடம் போதவில்லை. பிள்ளைகளை வேறிடத்தில் கிடத்திவிட்டு இந்தக் கொட்டகையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் நினைக்கிறார்கள். சங்கம் அவசியம் என்று தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இடம் இவர்களுக்கே. அவசியமில்லை என்றால் இன்றோடு முடிந்தது.

அதாவது, பிப்ரவரி மாதத்திலிருந்து சூசையப்பன் எதற்காகச் சட்டம் மேல் சட்டமாக எழுதினாரோ, அது இப்போது ஒரு வரியில் கிடைக்கும். எதையும் எழுதாமல் சும்மா இருந்தால்கூடப் போதும்.

பெண்களைப் பார்த்தார். யாராவது கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தார். பின்னுகிற நேரத்தில் பேசக்கூடாது என்பது சட்டம், ஒருத்தியும் பேசவில்லை. ஊசிகள் மட்டும் நின்றிருந்தன. கத்தரீனாள் தலை நிமிரவே இல்லை. அவள் கையில் ஒரு சின்ன மேஜோடு குதிகால் திரும்புகிற இடத்தில் இருந்தது.

சூசையப்பன் எழுந்தார். மூன்று சங்கங்களை நடத்தியும் அவர் அப்படி ஒரு பேச்சுப் பேசினதில்லை. இந்த மழையில் இந்த லயங்களிலிருந்து இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போயின, இரண்டும் திரும்பி வந்தன என்றார். உரமூட்டைக்குக் குளிராது, சாக்கைப் போட்டு மூடினால் வெளியிலும் கிடக்கும் என்றார். கொட்டகையைப் பூட்டினால் சங்கம் தன் வீட்டில் கூடும், வீடு பற்றாவிட்டால் ஃபாக்டரி வாட்டுமாடியில் கூடும் என்றார். கடைசியில் சொன்னதற்கு அவருக்கு அதிகாரமே கிடையாது. சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. நல்லதம்பி, இவ்வளவு வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும் என்று பேனாவை நீட்டினார். சூசையப்பன் பதினொரு வரி எழுதினார்.

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் திருப்பியபோதுதான் அடியில் இருந்த இரண்டாவது காகிதம் கண்ணில் பட்டது. கொட்டகை கேட்டு முதன்முதலில் ஆபீஸுக்குக் கொடுத்த மனு. உருண்டை உருண்டையான எழுத்து. மூன்றாம் வகுப்போடு நின்ற கத்தரீனாளின் எழுத்து. மேலே ஜனவரி ஆறாம் தேதி போட்டிருந்தது. கீழே, தலைவர் என்று எழுதி அதற்கு எதிரே அவர் பெயர் இருந்தது.

அவர் தலைவராகத் தீர்மானித்தது பிப்ரவரியில்.

மழை விட்டிருந்தது. வீட்டுக்கு ஏறுகிற பாதையில் கத்தரீனாள் முன்னால் நடந்தாள். சூசையப்பன் மனுவைப் பற்றிக் கேட்டார். அவள் எதையும் மறைக்கவில்லை. ஒரு ஆம்பிளை பேர் இல்லாமல் பொம்பிளைகள் கூட்டத்துக்கு இடம் கொடுக்கமாட்டோம் என்று ஆபீஸில் சொன்னார்களாம். அதனால் எழுதிக் கொடுத்தாளாம்.

"நானா வந்து கேக்காம இருந்திருந்தா?"

"கேப்பீகன்னு தெரியும்," என்றாள்.

இதை அவரால் தாங்கிக்கொள்ள முடிந்தது. கட்டிய பெண்டாட்டிக்குத் தன்னை இவ்வளவு தெரிந்திருப்பது ஒருவகையில் மரியாதைதான் என்றுகூட, இரண்டு வளைவு ஏறுவதற்குள் தன்னைத் தேற்றிக்கொண்டார். எல்லாவற்றையும்விட, எழுதவேண்டி வந்தபோது இந்த மலையில் இத்தனை ஆண்கள் இருக்க, அவள் தேர்ந்தது அவர் பெயரை அல்லவா.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தக் காகிதத்தில் அவர் பெயருக்கு மேலே இன்னும் இரண்டு பெயர்கள் எழுதி அடித்திருந்தன. அடித்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஒன்று கோயில் உபதேசியார் மரியஜோசப். அதுவாவது போகட்டும். மற்றது, கங்காணி வேலையிலிருந்து நின்ற பிறகு, விடிந்தால் லயத்து முனையில் உட்கார்ந்து பொழுது அடையும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற சங்கையா.

"எனக்கு முன்னால ரெண்டு பேர எழுதி அடிச்சிருக்கே, அது என்னத்துக்கு?"

கத்தரீனாள் கம்பளிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்தாள்.

"கேட்டுப் பாத்தேன்," என்றாள். "அவுக ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம்."