தலைவரின் நிலையும் குதிரையின் குற்றமும்

மனிதன் குதிரை மேல் ஏறிய நாள் முதல் இன்றுவரை, ஏறியவன் தப்பு செய்ததாகச் சரித்திரமே கிடையாது. தப்பெல்லாம் குதிரையுடையது. இந்த மகத்தான உண்மையைக் குதிரையேற்ற மன்றத்தின் நிர்வாகம் மூன்றே கூட்டங்களில் கண்டுபிடித்துவிட்டது. அது புரியாமல் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள், மன்றத்தின் பயிற்சியாளர்தான்.

எல்லாரும் அவளைக் 'கோச்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷமாகத் தடை தாண்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். பாடம் என்னவோ கொஞ்சம்தான். குதிகால் கீழே, பார்வை தடைக்கு அப்பால். குதிரை எழும்பும்போது இடுப்பை மடக்கி அதோடு போக வேண்டும்; கையை அதன் கழுத்தோரமாக முன்னால் விட வேண்டும். கடிவாளத்தைப் பிடித்து அதன் வாயை இழுக்கக் கூடாது. முதுகில் தொப்பென்று விழக் கூடாது.

"தாண்டுறது அதோட வேலை. நீ இடைஞ்சல் பண்ணாம இரு, போதும்" என்பாள்.

இடைஞ்சல் பண்ணாமல் இருப்பது நிர்வாகத்தில் உள்ளவர்களால் முடிகிற காரியமா என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆண்டு விழாவில் தாமே குதிரையேறி நான்கு தடைகளைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்று மன்றத் தலைவருக்கு ஆசை வந்தது. அவருக்கு ஒதுக்கப்பட்டது, கோச்சம்மா குட்டியிலிருந்து பழக்கிய 'சமர்த்து' என்ற பெட்டைக் குதிரை. எட்டு வயதுப் பெண் ஏறினால், பூனை மதில் தாண்டுவது மாதிரி சத்தமில்லாமல் தாண்டும். தலைவர் ஏறினால், தடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடும்.

"அக்கா, அவர் கடிவாளத்தைப் பிடிக்கிறதைப் பாத்தீங்களா?" என்றார் லாயக்காரர். "ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிச்ச மாதிரி தொங்குறாரு. இது வாயோரமெல்லாம் புண்ணு."

கோச்சம்மா தலைவரிடம் பணிவாகவே சொன்னாள். "சார், நீங்க உங்க நிலையைக் கொஞ்சம் மாத்திக்கணும்."

"என் நிலையையா? இந்த நிலைக்கு வர எனக்கு இருபது வருஷம் ஆச்சும்மா!"

"உட்கார்ற நிலையைச் சொன்னேன் சார்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

உடனே 'குதிரை இயக்க மேம்பாட்டு உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, குதிரை மேல் ஏறியே பழக்கமில்லாத ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 'உடல்மொழி நிபுணர்' ஒருவரும் வரவழைக்கப்பட்டார். அவர் சமர்த்தை இருபது நிமிஷம், பத்திரமான தூரத்திலிருந்து, கண்கொட்டாமல் ஆராய்ந்தார்.

"காதைப் பின்னால மடிக்குது பாருங்க. நிர்வாகத்து மேல எதிர்மறை மனப்பான்மை."

"அதுக்கு வாய் வலிக்குதுங்க" என்றாள் கோச்சம்மா.

"அதைத்தான் நாங்க தொடர்பு இடைவெளின்னு சொல்றோம்."

அடுத்தபடியாக, 'தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் தயாரானது. செயலாளரே லாயத்துக்குப் போய், சமர்த்தின் முன்னால் நின்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். அது இரண்டாம் பக்கத்தைப் பிடுங்கித் தின்றது. 'கடிதம் முழுமையாக உள்வாங்கப்பட்டது' என்று அவர் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. விழாவில் சொதப்பினால் குதிரை 'பயனற்றது' என்று கழிக்கப்படும். கழிக்கப்பட்ட குதிரைகள் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. கோச்சம்மாவுக்குத் தெரியும். ஒரு லாரி வரும், ஏற்றிக்கொண்டு போகும், போனது திரும்பி வந்ததில்லை. அன்று மாலை வகுப்பில் அவள் குரல் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பழைய தோல்வாரைச் சமர்த்தின் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள்.

"சார், இதுக்குப் பேரு தலைமைப் பிடி. பெரிய பொறுப்புல இருக்கிறவங்களுக்குன்னே இருக்கு. குதிரை எழும்பும்போது கடிவாளத்தை விட்டுக்கொடுத்து, இதைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

"சின்னப் பசங்களுக்கெல்லாம் குடுத்துட மாட்டீங்களே?"

"ஐயோ, குடுப்பேனா!"

சின்னப் பசங்கள் எல்லாரும் முதல் வாரம் அந்த வாரைப் பிடித்துத்தான் கற்றுக்கொண்டார்கள் என்பதை அவள் 'நிர்வாக ரகசியமாக' வைத்துக்கொண்டாள்.

தலைவர் வாரைப் பிடித்தார். கை முன்னால் போனது. கூடவே இடுப்பும் மடங்கியது. வாய் விடுபட்ட சமர்த்து கழுத்தை நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, தடையைத் தாண்டி இறங்கியது. தலைவர் அதன் மேலேயே இருந்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. இறங்கி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு நிமிஷம் கோச்சம்மாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துக்கூடப் போயிற்று. பத்து நாள் இப்படியே நடந்தது. வாய்ப்புண் ஆறத் தொடங்கியது.

விழா நாளன்று, தலைவர் குதிரையேறிய பிறகு நிபுணர் ஓடி வந்தார்.

"சார், அந்த வார் வேண்டாம். தலைவர் எதையோ விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்காருன்னு ஜனங்க தப்பா நினைப்பாங்க."

"கழட்டுங்க" என்றார் தலைவர்.

"வேண்டாம் சார், இன்னைக்கு ஒருநாள் மட்டும்..." என்றாள் கோச்சம்மா.

"நான் என்ன கத்துக்குட்டியாம்மா?"

வார் கழன்றது. முதல் தடையில் சமர்த்து நிற்கவில்லை. பத்து நாள் நம்பிக்கையில் எழும்பிவிட்டது. அந்தரத்தில் கடிவாளம் வெட்டி இழுக்கப்பட்டது. சமர்த்து தலையை ஓர் உதறு உதறியது. குதிரை காலூன்றி இறங்கியது. தலைவர் காலூன்றாமல் இறங்கினார்.

சமர்த்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த மூன்று தடைகளையும் ஒரு கம்புகூடத் தட்டாமல் தானே தாண்டி முடித்து, கோச்சம்மாவின் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, வாய் நிறைய மணல். ஆனால் ரொம்ப வலித்தது அந்தக் கைதட்டல்தான்.

அவசரக் கூட்டம் கூடியது.

"தலைவரைத் தள்ளினதைக்கூட மன்னிச்சிடலாம்" என்றார் செயலாளர், குரல் தழுதழுக்க. "தலைவர் இல்லாமலே மூணு தடையைத் தாண்டியிருக்கு. அதுவும் எல்லார் கண்ணு முன்னாலயும்!"

"இன்னும் நல்லாத் தாண்டிச்சு" என்றார் நிபுணர். "மத்த குதிரைங்களும் பாத்துட்டு இருந்துச்சுங்க."

"அது யாரையும் தள்ளலைங்க" என்றாள் கோச்சம்மா. "சார் இழுத்தாரு. சார் விழுந்தாரு."

அவள் தலைவரையே பார்த்தாள். கழுத்தைத் தட்டிக்கொடுத்த அந்தக் கை மேஜை மேல் இருந்தது. தலைவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "விதிப்படி செஞ்சிடுங்க" என்றார்.

முத்திரை விழுந்தது. மை காய்வதற்குள் கோச்சம்மா தாளை எடுத்துக்கொண்டாள்.

"கழிச்சதை யார் வேணா கொண்டுபோகலாம்னு உங்க விதியிலயே இருக்கு. நான் கொண்டுபோறேன். நாளையிலிருந்து நானும் வரலை."

"ராஜினாமாவா?" செயலாளர் முகம் மலர்ந்தது. "மூணு நகல் வேணும்."

ஊருக்கு வெளியே தங்கை வீட்டுப் பின்புறத்தில் ஒரு காலி மனை இருந்தது. கோச்சம்மா அங்கே கம்புகளைக் கொண்டு நான்கு தடைகள் அமைத்தாள். ஒரே மாதத்தில் மன்றத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். சமர்த்தின் வாய்ப்புண் அடையாளம் தெரியாமல் ஆறிவிட்டது.

மன்றமும் முன்னேறியிருக்கிறது. 'குதிரையின் இயக்கம் குறித்து இவ்வாண்டு ஒரு புகார்கூட இல்லை' என்று ஆண்டறிக்கை பெருமைப்படுகிறது. முழுக்க உண்மை. தாண்டத் தெரிந்ததும் தாண்ட வைக்கத் தெரிந்தவளும் வாசல் வழியாகவே போய்விட்டார்கள். உள்ளே மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் உட்காரத் தெரிந்தவர்கள். அதுவும், அடியில் இருப்பது உயிரில்லாததாக இருந்தால்.