குங்குமம் வைத்த துவக்கு

குறி தவறுகிற மனிதன் தன் கண்ணைக் குறை சொன்னதாகச் சரித்திரமே இல்லை. காற்று சரியில்லை என்பான், வெயில் முகத்தில் அடித்தது என்பான். நான் துவக்கின் சோங்கைக் குறை சொன்னேன். (சோங்கு என்றால், துப்பாக்கியைத் தோளில் முட்டுக் கொடுத்துக் கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்ப்பார்களே, அந்தப் பின்பக்கக் கட்டை.)

வேலையிடத்து நண்பர் ஒருவர் பழக்கிவிட்ட வியாதி இது. இயந்திரம் ஒன்று மண்தட்டை வானத்தில் வீசும். பறக்கிற தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். லைசென்ஸ் எடுத்தேன், துவக்கும் வாங்கினேன். கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே இருக்கிற கிளப்புக்குப் போவேன். நான் குறி வைத்த தட்டுகள் ஒரு கீறலும் இல்லாமல் புல்லில் இறங்கி ஓய்வெடுத்தன.

என் மனைவி வதனிக்கு இது அறவே பிடிக்கவில்லை. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். இந்த மனிசன் காசு குடுத்து அதைக் கேக்கப் போகுது!"

"சோங்குதான் பிழையப்பா. ஆரோ நெடுவலுக்கு அளவெடுத்துச் செய்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற சோங்கு ஒண்டு இருக்கு. அதைப் போட்டால் தட்டெல்லாம் தூளாப் போகும்."

"சரி, போடுங்கோ. அதுக்குப் பிறகும் ஒண்டும் உடையேல்லையெண்டால் உது இந்த வீட்டில இருக்கப்படாது. வித்துப்போட்டு ஞாயிற்றுக்கிழமையில என்னோட கோயிலுக்கு வாங்கோ."

"ஓம்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஞாயிறுகள் எனக்கு உயிர்.

பார்சல் வந்தது நவராத்திரிக் கிழமையில். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நீளத்தைக் குறைக்க ஒரு திருகாணி, கன்னம் படுகிற மேல்துண்டை உயர்த்த இன்னொரு திருகாணி. வெறும் துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று உயர்த்தினேன், தாழ்த்தினேன், மறுபடி உயர்த்தினேன். படியால் இறங்கி வந்த மகள் அபி, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் மேலே போய்விட்டாள்.

ஆயுத பூசையன்று வதனி வழக்கம்போல எங்கள் வீட்டு ஆயுதங்களைச் சாமிப்படத்துக்கு முன்னால் அடுக்கினாள்: லப்டொப், தையல் மெஷின், கார்த் திறப்புக் கொத்து, கிரைண்டர். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உதையும் கொண்டுவந்து வையுங்கோ. உண்மையான ஆயுதம் வீட்டில இருக்கேக்க கிரைண்டருக்கு மட்டும் பூசை செய்யிறது அழகில்லை."

விற்கச் சொன்ன பொருள் என்று அவள் வஞ்சகம் செய்யவில்லை. சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமத்தை அள்ளி அப்பினாள். அப்பிய இடம், கன்னம் படுகிற அதே மேல்துண்டு.

மறுநாள் கிளப்பில் குடும்பத்தினரும் வருகிற ஞாயிறு. தீர்ப்பை நேரில் வழங்க வதனி வந்தாள். வேடிக்கை பார்க்க அபி வந்தாள். பெட்டியைத் திறந்ததும் குங்குமம் கண்ணில் பட்டது. துடைக்கக் கை போனது, மனம் வரவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைத்துவிட்டுச் சுட்டு, அதற்குப் பிறகு தட்டு உடையாவிட்டால்? அப்படியே விட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல் தட்டு தப்பியது. அடுத்ததும் தப்பியது. கன்னத்தை இன்னும் இறுக்கி அழுத்திச் சுட்டேன். அதுவும் முழுதாகப் புல்லில் போய்ச்சேர்ந்தது. தலையை நிமிர்த்தினால், பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து அலறுகிறார்! மேற்பார்வையாளர் ஹரால்ட் விசிலை ஊதி, "சீஸ் ஃபயர்!" என்று கத்தியபடி முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். அத்தனை துவக்குகளும் அடங்கின. ஐயோ, யாருக்கு என்ன நடந்ததோ என்று நானும் பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தேன்.

எனக்குத்தானாம். பிடித்து பெஞ்சில் கிடத்தினார்கள். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிட்டார். கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். கையெல்லாம் செக்கச் சிவப்பு.

"ஐயோ வதனி, நான் போறன்! பிள்ளையைப் பார்த்துக்கொள்!" (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் கன்னம் வலிக்கவும் செய்தது.)

வதனி குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள்.

"எழும்புங்கோ. உது குங்குமம்."

துவக்குக்கு ஏன் பூசை செய்தோம் என்று அவள் ஹரால்டுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். மனிதர் கோயிலில் நிற்பவர்போல மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கிடந்த பெஞ்சிலேயே இருந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், பயந்துபோன மனைவிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "நீங்களும் ஒருமுறை சுட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்.

மாட்டேன் என்பாள் என்று இருந்தேன். "ஒருக்காப் பாப்பம்" என்றாள்.

நான்தான் திருகாணிகளைத் திருகிச் சோங்கை அவள் அளவுக்குக் குறைத்துக் கொடுத்தேன். ஹரால்ட் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். தட்டு எழும்பியது. வதனி சுட்டாள். தட்டு தூளாய்ப் போனது. அடுத்ததும் தூள்! அவள் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாளே, அப்படியொரு சிரிப்பை நான் எங்கள் கலியாண வீட்டில்கூடக் காணவில்லை.

வீட்டுக்கு வரும்போது காரில் மெதுவாகக் கேட்டேன். "அப்ப, துவக்கை விக்கிறதோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. சோங்குதானே பிழையெண்டு சொன்னனீங்கள்? இப்ப சரியா வந்திட்டுது."

துவக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வதனிக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது. சோங்கு அவளுடைய அளவிலேயே நிற்கிறது, அந்தத் திருகாணிகளைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுவதும் பெட்டி தூக்குவதும் என் வேலை. வருகிற விருந்தாளிகள் யாராவது, "வீட்டில ஆர் சுடுறது? அப்பாவோ?" என்று கேட்டால், நான் வாய் திறக்குமுன் அபி முந்திக்கொள்கிறாள்.

"ஷூட்டிங் எல்லாம் அம்மா. அப்பாவுக்கு ப்ளீடிங் டிபார்ட்மென்ட்."