ஜாய்ஸ்டிக் அக்காவும் சர்வர் பர்மிஷனும்

இந்த நாட்டில் இதுவரை தீர்ப்புச் சொன்னவர்களிலேயே, கட்சிக்காரர்களின் கட்டைவிரலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னவர் எங்கள் தண்டையார்பேட்டை ஜாய்ஸ்டிக் அக்கா ஒருவர்தான். வாய்தா கிடையாது, சாட்சி கிடையாது. தெருவில் யாருக்குள் தகராறு என்றாலும் இருவரும் அக்கா வீட்டுக்குப் போயாக வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டியை அக்கா டீவியில் மாட்டுவார். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். குத்துச்சண்டை, மூன்று ரவுண்டு. திரையில் விழுந்தவர் வழக்கில் தோற்றவர். அப்பீல் என்று யாராவது வாயைத் திறந்தால் டீவியை அணைத்துவிட்டு, "கெளம்பு, சவாரிக்கு டைமாவுது" என்பார். அக்காவுக்குத் தொழில் ஷேர் ஆட்டோ ஓட்டுவது.

சட்டம் படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் குழாயடித் தகராறில் மருமகளை இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்த மாமியார் ஒருவர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். நானும் தின்றேன். தோற்ற மருமகளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். எந்த ஹைகோர்ட்டில் இது நடக்கும்?

இனி என் வழக்கு. மாடி போர்ஷன்காரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்; தெருவில் அவன் பெயரே கிரேன்தான். அத்தனை பெரிய கண்டெய்னரை அங்குலம் பிசகாமல் இறக்கி வைப்பவனுக்குத் தன் பைக்கை மட்டும் என் வாசலை அடைத்துத்தான் நிறுத்த வரும். நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் வெளியே வருவேன். ஒரு நாள் கேட்டேன். அவனும் பதிலுக்குக் கேட்டான். அவன் கேட்டதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா எங்கள் இருவரையும் பிடித்துவந்து டீவி முன்னால் உட்கார வைத்தார். என் முழங்கால் அவன் முழங்காலில் இடித்தது.

பெட்டியைப் போட்டதும் திரையில் ஓர் அறிவிப்பு: இருவர் விளையாட இன்டர்நெட் இணைப்பு தேவை. இருவரும் தனித்தனியாக கம்பெனியின் அமெரிக்க சர்வரில் லாகின் செய்ய வேண்டும். போன வாரம் வந்த அப்டேட்டின் கருணை.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ எங்க குந்தினுகீற?"

"இங்கதான்க்கா."

"அவன்?"

"என் பக்கத்துல."

"ரெண்டு பேரும் இங்கதான் கீறீங்கன்னு எனுக்கே தெரியுது. இவன் இன்னாத்துக்கு அமெரிக்காவக் கேட்டுகினுகீறான்?"

நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனிக்காரர்களின் தொலைநோக்கு நமக்குப் புரியுமா? பக்கத்தில் இருப்பவனை நான் குத்தினேன் என்ற செய்தி முதலில் கடல் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஒரு கம்ப்யூட்டர் அதைப் படித்து, குத்தியது உண்மைதான் என்று சான்றளிக்க வேண்டும். பிறகு அது திரும்பி வந்து அவன் விழ வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

அந்த வாரம் பார்த்து, வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் தெருவின் கேபிளை அறுத்திருந்தார்கள். போனில் நெட் எடுக்கலாம் என்றால், குடோன் தகரச் சுவர்களுக்கு நடுவே இருந்த அக்கா வீட்டில் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில்தான் வரும்.

"டீவியத் தூக்குங்கடா."

தலைப்பக்கம் கிரேன், கால்பக்கம் நான்; பெட்டியும் நீள ஒயருமாகப் பின்னால் அக்கா. இரும்பு ஏணியின் பாதியில் நின்று அவன் கேட்டான்: "கெட்டியாப் புச்சிகினியா?" இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மாடியில் வெயில். திரையில் எங்கள் முகம்தான் தெரிந்தது. அக்கா ஒரு போர்வையைப் போர்த்தினார். உள்ளே மூன்று தலைகள். கிரேன் தன் பெயரில் கணக்குத் தொடங்கினான். நீ ரோபோ இல்லை என்று நிரூபி, டிராபிக் சிக்னல் உள்ள படங்களைத் தொடு என்றது. தொட்டான். தவறு என்றது. மறுபடி தொட்டான். மறுபடி தவறு.

"ஹார்பர்ல யாருமே என்னிய இப்டிக் கேட்டதில்லக்கா" என்றான்.

ஒருவழியாக அவனை மனிதன் என்று ஒப்புக்கொண்ட பிறகு, இன்னொரு அப்டேட் கேட்டது. என் டேட்டா தீர்ந்தது. அவன் டேட்டாவும் தீர்ந்தது. அக்கா கேம் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அதிசயமாக ஒரு தமிழ் இளைஞர் எடுத்தார்.

"மேடம், உங்க அனுபவத்தை மேம்படுத்தத்தான் இந்த வசதி."

"ஏன் நைனா, நீயும் உன் ரூம்மேட்டும் கேரம் ஆடணும்னா, போர்டு செஞ்ச கம்பெனிக்குப் போன் போட்டுக் கேப்பியா?"

இளைஞர் குரலைத் தாழ்த்தினார். "நானும் அவனும் பேசறதில்ல மேடம்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னா மேட்டரு?"

"என் தலகாணிய எடுத்துக்கறான் மேடம்."

எங்கள் வழக்கு அங்கேயே நின்றுபோனது. யார் முதலில் ரூமுக்கு வந்தது, தலையணை யார் காசு, இவர் குறட்டை விடுவாரா என்று முழு விசாரணை. ரூம்மேட்டிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாடம். கடைசியில் அந்த இளைஞர் வழக்கம்போல், "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றார்.

"எனுக்கு நீ இன்னா பண்ணுவ பாவம். உனுக்கு எதனா வேணும்னா போடு. இதான் என் நம்பரு."

போர்வைக்குள் வேர்த்து வழிந்த கிரேன் சொன்னான்: "அக்கா, பேஜாரா கீது. வண்டிய நானே நவுத்திக்கறேன், வுட்டுடு."

நான் சந்தோஷத்தில் எழுந்தேன். அக்கா என்னை அழுத்தி உட்கார வைத்தார். "ஆடாம எப்டிடா தோப்ப? நெட்டு இல்லன்னு நாயத்த நிறுத்த முடியுமா?"

எங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பாரிமுனைக்கு ஓட்டினார். பழைய சாமான் கடையில், ஒயர் வைத்த இரண்டு ஜாய்ஸ்டிக்கோடு ஓர் ஆதிகாலப் பெட்டி கிடைத்தது.

"இத்துக்கு நெட்டு வோணுமா?"

"கரண்டு இருந்தாப் போதும்மா."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சோக்கா கண்டுபுச்சிகீறான் பாரு!"

அன்று சாயங்காலமே ஆட்டம் நடந்தது. அமெரிக்காவைக் கேட்காமலே நான் குத்தினேன், கேட்காமலே அவன் என்னை வீழ்த்தினான். தானாக நகர இருந்த பைக், தீர்ப்பின்படி என் வாசலிலேயே நின்றது. நீதி இப்படித்தான் நிலைநாட்டப்படுகிறது.

ஆனால் அதற்குப் பிறகு, அந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் நான் ஆபீஸ் போனேன். ஏணியில் ஒன்றாக டீவி தூக்கியவர்களால் ரொம்ப நாள் முறைத்துக்கொள்ள முடிவதில்லை.

நான் அந்தத் தெருவில் வீடு காலி செய்த அன்று, சாமான் ஏற்றிய வண்டியை நிறுத்தி அக்கா சொன்னார்: "போற எடத்துல எவனாண்டயாவது சண்டன்னா, இங்க இட்டுகினு வா."

இப்போது இருக்கும் அபார்ட்மென்டில் நெட் பிரமாதம். யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை; யாருக்கும் யாரையும் தெரியாது. எதிர் வீட்டுக்காரர் தினமும் தன் செருப்பு ஸ்டாண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் நகர்த்தி வைக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. இன்னும் ஓர் அடி நகரட்டும்; அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று காத்திருக்கிறேன்.