வேலிக்கு அந்தப் பக்கம் போன பிரிட்ஜ்

பிரிட்ஜ் வாசல் நிலையில் இசகுபிசகாகச் சிக்கிக்கொண்டது. முன்னால் ஞானையன் இழுக்க, பின்னால் அவன் மனைவி ராஜபாய் தள்ளினாள்.

“ஏட்டி, உலக நிதிக்காரன் வாறதுக்கும் நம்ம பிரிட்ஜுக்கும் என்ன சம்மந்தம்?”

“வளரும் பகுதிக்கு உதவின்னுதானே சொன்னாவ? நாம வளந்து நிக்கியதப் பாத்தா தருவாவளா? ஊருக்கு ஒரு ரப்பர் ஷீட் மெஷினாக்கும். அது பூங்கனிக்குப் போச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்.”

பக்கத்து வீட்டுப் பூங்கனிக்கும் அரை ஏக்கர் ரப்பர்தான். ஆனாலும் அவள் மரத்தில் பால் கூடுதலாக வடிந்தால் ராஜபாய்க்கு வயிறு எரியும். அவள் வீட்டுப் பூனை கொழுத்தாலும் எரியும். சாமான்களை அவள் வீட்டிலேயே ஒளித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: தான் ஏழை, அவள் பணக்காரி.

“வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம் மக்களே. ரெண்டு நாள் வச்சுக்கிடுவியா?” என்று பூங்கனியிடம் கேட்டாள் ராஜபாய்.

“அதுக்கென்னக்கா, கொண்டாங்க.”

பிரிட்ஜுக்குப் பின்னால் டிவி போனது, சோபா போனது. கடைசியில் கழுத்துச் சங்கிலியும் போனது. பத்திரமாக இருக்கட்டும் என்று பூங்கனி அதைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் உலக நிதியின் வெள்ளைக்காரம்மா ஒருத்தியும் அதிகாரிகளும் வந்தார்கள். ராஜபாயின் வெறும் சுவர்களைப் பார்த்துவிட்டு உடனே வெளியேறினார்கள். பூங்கனி வீட்டுக்குள் போன வெள்ளைக்காரம்மா வரவே இல்லை.

ராஜபாய் வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுடைய சோபாவில் உட்கார்ந்து, அவளுடைய பிரிட்ஜில் குளிர்ந்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள் வெள்ளைக்காரம்மா. ராஜபாயின் சங்கிலி மின்ன, பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தாள் பூங்கனி. ராஜபாய் ஞானையன் பக்கம் திரும்பினாள்.

“அது எனக்க சங்கிலின்னு சொல்லப் போறேன்.”

“சொன்னா மெஷின் போவும்,” என்றான் ஞானையன்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். மொழிபெயர்க்க வந்திருந்த எபிசன் வேலியருகே வந்தான்.

“அக்கா, அங்க இருக்கியதெல்லாம் அவங்களுக்க சொந்தச் சாமான்தானா?”

“பின்னே? வேதபுஸ்தகத்து மேல சத்தியமா அவளுக்கதுதான். எனக்கு ஒரு குந்துமணியும் இல்ல.”

எபிசன் போய் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். வெள்ளைக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் மெஷின் ஏற்றிய லாரி பூங்கனி வீட்டு முற்றத்தில் நுழைந்தது.

ராஜபாய் பதறிப்போய் ஓடினாள். “தம்பி, இல்லாதவ நானில்லியா?”

“இல்லாதவங்களுக்குக் குடுத்தா போட்ட முதலே முங்கிப்போவுமாம் அக்கா, இருக்கிய வீட்டுக்குத்தான் குடுப்பாவ, நீங்க சத்தியம் பண்ணினதுனாலதான் ஒப்பே போட்டாவ.”