புயலக்காவின் சிலையை ஒத்திவைத்த சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் வீட்டில் எல்லோரும், முக்கியமாகத் தங்கள் தொண்டையும், நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பெண்ணைக் கொடுத்த இடத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதை இத்துடன் முடிந்தது. இனிமேல் எழுதப்போவது பல்செட் கட்டிப் பிழைக்கும் ஒரு நகரவாசி, நகரசபைப் பூங்காக் குழுத் தலைவருக்கு எழுதுவது.

சென்ற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சாப்பாடு இறங்கவில்லை. நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? இந்த ஊரிலேயே, சலவைக்கடை மாடியில் வரையப்பட்டு, வெள்ளிக்கிழமை தோறும் படக்கதைப் புத்தகத்தில் இந்த ஊரையே காப்பாற்றிவந்த புயலக்காவுக்கும் அவளுடைய பாறைத்தம்பிக்கும் ஒரு சிலை வேண்டும் என்றேன். அக்கா கையை வீசினால் புயல் கிளம்பும், தம்பி மூச்சை அடக்கினால் பாறையாவான் என்பது இந்த ஊரில் எழுத்துக்கூட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். உங்கள் குழுவில் இருக்கும் அந்த ஓய்வுபெற்ற ஆடிட்டருக்கு மட்டும் தெரியவில்லை. "படக்கதை ஆளுக்கெல்லாம் எதுக்குங்க சிலை? நிஜமா வாழ்ந்தவங்களுக்கு வைக்கலாம்" என்றார். நிஜமாக வாழ்ந்தவர்களின் லட்சணத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே. ரயிலடியில் குதிரைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று அந்தக் குதிரைக்கே தெரியாது. பூங்காவில் காகிதச் சுருளோடு நிற்பவரைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். "பழைய ஆள் சார், நல்லவராத்தான் இருந்திருப்பாரு" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. இந்த நல்லவர்களுக்குச் சுற்றுவேலி, விளக்கு, வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட். ஆற்றுப்பாலம் விரிசல் விட்டபோது பள்ளிக்கூட வண்டி கடக்கும்வரை அதைக் காற்றாலேயே தாங்கிப்பிடித்தவள் புயலக்கா; இரண்டே பக்கத்தில் வேலையை முடித்தாள். அதே பாலம் நிஜத்தில் விரிசல் விட்டபோது நகரசபை என்ன செய்தது? மஞ்சள் நாடா கட்டியது. அந்த நாடாவும் இப்போது அவிழ்ந்து தொங்குகிறது.

ஊரை விடுங்கள், நம் வீட்டுக்கே வருகிறேன். உங்கள் மருமகள் சின்ன வயதில் நாய்க்குப் பயப்படுவாள், பலூனுக்குப் பயப்படுவாள், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். நான்தான் வெள்ளிக்கிழமை தோறும் புயலக்கா வாங்கிவந்து குரலை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினேன். ஒருநாள் எதிர்வீட்டுக் குழந்தையின் விரல் இரும்புக் கேட்டில் மாட்டிக்கொண்டது. பெரியவர்கள் எல்லாம் கூடி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தப் பெண் தோளில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், விரலில் எண்ணெயைத் தடவி எடுத்துவிட்டாள். அவள்தான் இன்றைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். "என் மருமக ஆம்புலன்ஸ் ஓட்டுறா" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் மார்தட்டியது எனக்கு மறக்கவில்லை. அறுவடைக்கு மட்டும் ஆள் வந்தால் போதுமா, சம்பந்தி? விதைத்தவளுக்கு ஒரு பீடம் கூடக் கிடையாதா?

வெறும் வாயால் கேட்டால் எடுபடாது என்றுதான் மாதிரிச் சிலையை நானே செய்தேன். பல் அச்சுக்கு வாங்கிவைத்த பிளாஸ்டர் முழுவதும் அதிலே போனது. அது சீக்கிரம் இறுகும் சரக்கு. தம்பியின் ஒரு கால் இறுகி மறுகால் இறுகாமல், பாய்ந்துவர வேண்டியவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி ஆகிவிட்டான். அக்காவின் மேலங்கியை ஈறு செய்யும் ரோஸ் நிறப் பொருளில் வார்த்தேன். முகத்தில்தான் உயிரைக் கொடுத்தேன். சவரம் செய்யும் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு, மூக்கு எங்கே எழும்புகிறது, தாடை எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். உங்கள் சம்பந்தியம்மா வந்து, "யாரு இது?" என்றாள். "புயலக்கா" என்றேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அப்படியா, சரி" என்று உள்ளே போய்விட்டாள். கலை தெரிந்த வீடு அவ்வளவுதான்.

அதை உங்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு நாய் படாது. லிப்ட் ஓடவில்லை. வாசல் காவலாளி, "சிலைக்கு பாஸ் இருக்கா?" என்றார். "சிலை இல்லைங்க, மாதிரி" என்றேன். "அப்ப மாதிரிக்கு பாஸ் எங்க?" என்றார். கூட வந்த சலவைக்கடைக்காரர்தான் வெள்ளைப் படுக்கைவிரிப்பில் அதை மூட்டையாகக் கட்டி, "தலைவர் ரூமுக்குத் திரைச்சீலை" என்று சொல்லித் தூக்கினார். மூன்று மாடி ஏறினோம். இரண்டாவது திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் இடித்துத் தம்பியின் வலதுகை உடைந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

விரிப்பை விலக்கினேன். நீங்கள் சிலையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். திரும்பவும் சிலையைப் பார்த்தீர்கள். அப்புறம் உங்கள் தோள் குலுங்க ஆரம்பித்தது. "இதைக் கொண்டுபோய் நடுரோட்டுல நிக்க வைச்சா, சனங்க..." என்றீர்கள், அதற்குமேல் பேச்சு வரவில்லை. குழுவே சிரித்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சம்பந்தி, ஒன்று கேட்கிறேன். உங்கள் வாயில் இருக்கும் மேல்வரிசை யார் கட்டியது? நான் கட்டிய பல்லைக் காட்டி என்னைப் பார்த்தே சிரிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அது கழன்று தொண்டைப் பக்கம் போனதற்கு என் வேலையில் குறை என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசவும் மெல்லவும்தான் நான் அளவெடுத்தேன். ஏளனம் செய்ய அளவெடுக்கவில்லை.

நீங்கள் மூச்சுத் திணறி நீலமானீர்கள். யாரோ போன் செய்தார்கள். பக்கத்துத் தெருவில் நின்ற ஆம்புலன்ஸ் உங்கள் மருமகளுடையதாக இருந்தது நம் இரு வீட்டுப் புண்ணியம். மூன்று மாடியும் ஓடி ஏறிவந்தவள், "அப்பா, தள்ளுங்க" என்றாள். பின்னாலிருந்து உங்களைக் கட்டிப்பிடித்து ஒரே அழுத்து. பல்செட் மேஜைமேல் வந்து விழுந்தது. உங்களுக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரோ படிக்கட்டில் திரும்பவில்லை. உங்களை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நீங்கள் லேசான ஆள் இல்லை. "மாமா, கண்ணைப் பொத்தாதீங்க, படி தெரியல" என்று அவள் சொன்னது கீழ்மாடி வரை கேட்டது. எல்லா அறையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இதற்குமேல் ஒரு சாட்சி வேண்டுமா என்று நினைத்தேன். நீங்களோ, ஆம்புலன்ஸில் படுத்தபடியே குமாஸ்தாவைக் கூப்பிட்டு, பல் இல்லாத வாயால், "அந்தச் சிலை விஷயத்தை ஒத்தி வைச்சுடுங்க" என்றீர்கள்.

உயிரைத் திருப்பிக் கொடுத்தவள் முதுகிலிருந்து இறங்கிய கையோடு ஒத்திவைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுக்காவிட்டால், சிலையை நகரசபை வாசலில் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் நிற்பேன். சம்பந்தி என்று பார்க்க மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. மருமகளுக்கும் ஆசி, என் பெண்தான் என்றாலும் இப்போது உங்கள் முகவரியில் இருக்கிறாள். தாங்கள் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
கோபம் தணியாத,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் வீட்டிலிருந்து போன். சம்பந்தியம்மாவும் என் மனைவியும் வெகுநேரம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு இவள் சொன்னது: "அவருக்குச் சிலை வேண்டாம்னு இல்லையாம். பழைய புயலக்கா புத்தகமெல்லாம் பீரோவுல பூட்டி வைச்சிருக்காராம். ஆனா நீங்க செஞ்ச புயலக்காவுக்கு உங்க மூஞ்சி. மீசைதான் இல்ல. அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாங்க." உனக்கு முதல்நாளே தெரிந்ததா என்றேன். "ஆசையா செஞ்சீங்க, எப்படிச் சொல்றது?" என்றாள். கண்ணாடியை எடுத்துப்போய்ச் சிலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுக்க வழியில்லை. ஆகவே மேலே எழுதியதில் வணக்கம், ஆசி தவிர வேறெதையும் படிக்க வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்கக் கை வராததால் அனுப்புகிறேன். நல்ல சிற்பியாகப் பார்க்கத்தான் ஒத்திவைத்தீர்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து புயலக்காவின் முகத்துக்கு உங்கள் மருமகளைப் பார்த்துச் செய்யப்போகிறார் என்றும் கேட்டு உள்ளம் குளிர்ந்தது. ஒரே ஒரு சந்தேகம். அவள் பிறந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் அப்படியே அப்பனை உரித்துவைத்திருக்கிறாள் என்கிறார்கள். அப்படியானால் என் சிலையில் என்ன குறை கண்டீர்கள்?