கயிற்றில் இறங்கிய சாமியும் என் கல்யாணமும்

நல்ல படத்தை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். அதற்குக் கண் இருந்தால் போதும். மட்டமான படத்தை ரசிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், கொஞ்சம் அசட்டுத்தனமும் வேண்டும். இவை எல்லாமே எனக்குக் குறைவில்லாமல் அமைந்திருந்தன. (கடைசியில் சொன்னது கொஞ்சம் கூடுதலாகவே அமைந்துவிட்டது என்பது என் மனைவியின் கருத்து.) இப்போதும் மலாக்காவில், புக்கிட் காதில் வீட்டில், என் பேரப்பிள்ளைகள் வீடியோ கேசட்டில் ஏதாவது படம் போட்டுவிட்டு, "தாத்தா, ரொம்ப மோசமா இருக்கு, சீக்கிரம் வாங்க!" என்று கூப்பிடுவார்கள். நல்ல படத்துக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த ரசனை எனக்கு வந்தது ஜப்பான்காரன் காலத்தில், காஜா பெராங்கில் இருந்த ஒரு தகரக் கொட்டகையில். ஆங்கிலப் படங்களைத் தடுத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து கப்பல் வராததால் புதிய தமிழ்ப் படத்துக்கும் வழியில்லை. கொட்டகைக்காரரிடம் மிஞ்சியிருந்தது, சண்டைக்கு முன்னால் வாங்கிப்போட்ட ஒரே ஒரு புராணப் படம். முதல் சுருள் எரிந்துபோயிருந்ததால் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. கடைசிச் சுருள் பாதியில் அறுந்துபோயிருந்ததால் அரக்கன் செத்தானா இல்லையா என்பதும் தெரியாது. நாங்கள் அதைச் 'சாமி படம்' என்று சொல்வோம். வேறு படம் இல்லாதபோது பெயர் எதற்கு?

அந்தப் படத்தில் ஒரு காமதேனு வரும். உள்ளே இரண்டு ஆட்கள் இருந்தார்கள். முன்னங்கால் ஆளுக்கும் பின்னங்கால் ஆளுக்கும் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது. இருவரும் ஒரு திசையில் போனதே இல்லை. புயல் அடிக்கும்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை, கூடையில் இருந்த இலைகளை அள்ளி அள்ளி வீசும். கதாநாயகி ஒரு தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, கரியால் மீசை வரைந்துகொண்டு வருவாள். பெற்ற தகப்பனே அவளை உற்றுப் பார்த்து, "வாலிபனே, நீ எந்த தேசம்?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நான் பெஞ்சிலிருந்து விழப் பார்ப்பேன். என் நண்பன் ஒருவன் பக்கத்துத் தெரு மலாக்கா செட்டி வீட்டுப் பையன். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான், தமிழ் தெரியாது. என்றாலும் எங்களைவிட அதிகமாகச் சிரித்தது அவன்தான். தமிழ் தெரிந்த எங்களுக்கு நடுநடுவே வசனம் வேறு இடைஞ்சலாக இருந்தது.

ஏன் அப்படிப் போய்ப் போய்ப் பார்த்தோம் என்று இப்போது யோசிக்கிறேன். வெளியே எங்கும் சிரிக்க முடியாது. சாலை முனையில் காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட வேண்டும். குனிந்தது போதவில்லை என்றால் அறை, முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் இன்னொரு அறை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. தம்பின் ஊருக்குப் போகும் ரயில் பாதையையே பெயர்த்து சயாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்துக்குப் பின்னால், அங்கே காட்டில் பாதை போட ஆட்களையும் பிடித்து ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அந்தக் கொட்டகைக்குள் மட்டும்தான், இருட்டில், யாரையும் நோகடிக்காமல் சிரிக்க முடிந்தது. படம் எடுத்தவர்கள் மேல் எங்களுக்கு இளக்காரம் இல்லை. இல்லாத காசில், இல்லாத வசதியில், சொர்க்கத்தையே காட்டிவிடப் பார்த்தார்களே என்று ஒரு பிரியம் இருந்தது. அந்த மாட்டை நான் உண்மையாகவே நேசித்தேன்.

கல்யாணமாகாதவன், வேலை இல்லாதவன், இவர்களைத்தான் முதலில் சயாமுக்குப் பிடிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. நான் இரண்டுமாக இருந்தேன். வேலை பார்த்த ரப்பர்க் கம்பெனி சண்டையோடு மூடிவிட்டது. அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. எங்கெங்கோ விசாரித்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் அப்பா ஆறுமுகம், ஆற்றோரத்தில் ஜப்பான்காரன் நடத்திய கிடங்கில் மண்டோர். மண்டோர் என்றால் கூலியாட்களுக்குத் தலைவர். அவருடைய ஆட்கள் கையில் துணிப்பட்டை கட்டியிருப்பார்கள். பட்டை கட்டியவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள். பெண் கிடைத்தால் பட்டையும் கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், மாமனார்தான் எனக்கு உயிர்.

வயசுப் பெண் இருக்கும் வீட்டில் கூட்டம் கூடினால் யார் கண்ணிலாவது படும் என்று, வீட்டில் பெண் பார்க்கும் சடங்கை மண்டோர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் பெரிய பக்திமான். ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தில், சாமி தோன்றும் இடத்தில் திரைக்குக் கற்பூரம் காட்டுவதாக ஒரு வேண்டுதலாம். அங்கேயே மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

எந்தப் படம் என்று சொல்லவும் வேண்டுமா? அம்மாவுக்கு என் வியாதி தெரியும்.

"டேய், வாயத் தொறக்காத. சாமி வந்தா கும்புடு. மத்த நேரம் தலையக் குனிஞ்சிக்க. சிரிச்ச, சயாம்தான் ஒனக்கு."

கொட்டகையில் அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டார். மண்டோர் மீசையும் விபூதியுமாக முன் பெஞ்சில் இருந்தார். மடியில் கற்பூரத் தட்டு. பக்கத்தில், தொளதொளவென்று சட்டையும் கால்சட்டையும் போட்ட ஒரு பையன். தலையையும் கழுத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தான்.

"வாங்க தம்பி. இது என் சின்ன மகன். தொண்ட கட்டியிருக்கு, பேச மாட்டான். இப்புடி உக்காருங்க" என்று தங்கள் நடுவில் எனக்கு இடம் விட்டார்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் காதில் துளை இருந்தது, அதில் ஒரு வேப்பங்குச்சியும் இருந்தது. ஆண்பிள்ளைக்குக்கூடக் காது குத்தியிருக்கிறார்களே, எவ்வளவு ஆசாரமான குடும்பம் என்று எனக்கு மரியாதை கூடிவிட்டது.

படம் ஆரம்பித்தது. காமதேனு வந்தது. நான் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டு சயாமை நினைத்தேன். பின்னங்கால் ஆள் தடுமாறினான். செத்துப்போன சித்தப்பாவை நினைத்தேன். பக்கத்தில் பையனின் தோள்கள் குலுங்கின. பக்தி முற்றி அழுகிறான் போலிருக்கிறது, இவனல்லவோ பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு சாமி வந்தார். மேலேயிருந்து, தாம்புக் கயிறு நன்றாகத் தெரிய, கப்பி கிரீச்சிட, ஒரு கையை ஆசீர்வாதமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மண்டோர் எழுந்து திரைக்கு முன்னால் போய்க் கற்பூரத்தை ஏற்றினார். கொட்டகை முழுக்க எழுந்து கைகூப்பியது. சில பெண்கள் அழுதார்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. பாதி வழியில் கயிறு சிக்கிக்கொள்ளும். சாமி மெதுவாகச் சுற்றி, பக்தர்களுக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருக்கும் மரத்துக்கு ஆசி வழங்குவார். அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு குச்சி நீண்டு, அவரை இடுப்பில் குத்தித் திருப்பிவிடும்.

குச்சி வந்தது. 'கீச்' என்று ஒரு சிரிப்பு கேட்டது. அதன் பின்னாலேயே என்னுடையது, அணை உடைந்து வந்தது. பையனும் நானும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் அவன் தோளில் கையைப் போட்டேன்.

"இது ஒண்ணுமே இல்ல தம்பி! இனிமேதான் இருக்கு பாருங்க. ஒரு பொண்ணு மீசை வரைஞ்சிக்கிட்டு வரும். ஒரு பயலுக்கும் அடையாளம் தெரியாது! அம்புட்டு முட்டாப்பய ஒலகத்துல எங்கயாச்சும் இருப்பானா?"

முதுகில் ஒரு தட்டும் தட்டினேன். துண்டு அவிழ்ந்து விழுந்தது. பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். மண்டோர் எரியும் தட்டோடு திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் பார்த்தது என்னை அல்ல, எனக்குப் பின்னால்.

வாசலில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய் சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்தான். "பக்கேரோ!" என்று கத்தினான். (முட்டாளே என்று அர்த்தம். ஜப்பான்மொழியில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.) என்னை எழுப்பி நிறுத்தி ஓர் அறை விட்டான். பிறகு பையன் பக்கம் திரும்பினான். மண்டோர் ஓடிவந்து நடுவில் நின்றார். தட்டு சுட்டுக்கொண்டிருந்தது, அவர் கையை மாற்றவே இல்லை. மலாயில், இரண்டும் என் பிள்ளைகள்தான் துவான், இரண்டுக்குமே பிறவியிலிருந்து புத்தி கொஞ்சம் மட்டு, என்று குனிந்து குனிந்து சொன்னார்.

சிப்பாய் நிமிர்ந்து திரையைப் பார்த்தான். சாமி மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தார். குச்சி மறுபடியும் வந்தது. அவன் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்தான். என்னை அறைந்த அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வெளியே போனான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். அவனை வெறுக்க எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அந்தச் சிரிப்பை மட்டும் என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மண்டோர் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தப் பையனுக்கு ஏம்மா அவ்ளோ கோவம்? அவனுந்தான சிரிச்சான்?"

"அது பையன் இல்லடா பாவி. அதான் பொண்ணு! ஜப்பான்காரனுக்குப் பயந்து முடிய வெட்டி வச்சிருக்காங்க. அவ உள்ள வரும்போதே பொம்பளைங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சு."

நான் தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். "ஜப்பான்காரனுக்கும் தெரியலியேம்மா" என்றேன், ஏதோ ஆறுதலுக்கு.

"அவனும் ஒன்ன மாதிரி முட்டாளா இருந்தான். அதனாலதான் அந்தப் புள்ள பொழச்சிச்சு."

அதன் பிறகு சம்பந்தம் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. நான் செட்டி நண்பன் வீட்டுப் பரணில் கிடந்தேன். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தவர்களில் சிலரை அப்போதுதான் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. அவர்களுக்காக நான் அழுதிருக்கிறேன். ஆனால் அவர்களை நினைக்கும்போது எனக்கு முதலில் கேட்பது, அந்த மாடு வரும்போது அவர்கள் போட்ட கூச்சல்தான்.

ஒரு மாலை மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டு சுட்ட உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. சாமியப் பாத்து ஏன் சிரிச்சீங்க?"

"கயிறு தெரிஞ்சிச்சுங்க..."

"எனக்குந்தான் தெரிஞ்சிச்சு. கயிறு இல்லாம அந்த மனுசன் விழுந்து சாகணுமா?"

அவர் பெருமூச்சு விட்டார்.

"என் மகதான் மாப்ளயப் பாக்காம கழுத்த நீட்ட மாட்டேன்னு அடம்புடிச்சி அங்க வந்துச்சு. ஒங்களக் குடுக்கக் கூடாதுன்னுதான் நான் முடிவு பண்ணிட்டேன். ஆனா அது சோறு திங்க மாட்டேங்குது. சண்ட வந்ததுலேருந்து அன்னிக்குத்தான் அது வாய்விட்டுச் சிரிச்சிச்சாம். இந்த ஆள லாரில ஏத்திட்டா அப்புறம் யார்கூட ஒக்காந்து படம் பாக்கறதுன்னு கேக்குது. தோள்ல வேற கையப் போட்டுட்டீங்க, ஊரே பாத்திருச்சு. நான் என்னா செய்ய?"

மடியிலிருந்து துணிப்பட்டையை எடுத்து என் கையில் அவரே கட்டினார். கட்டும்போது அவருக்கும் எனக்கும் கண் கலங்கியது. இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் மன்னிப்புக் கேட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு, சத்தமில்லாமல் தாலி கட்டினேன். மரகதத்துக்குக் கொண்டை போட முடி போதவில்லை. பூவைக் காதோரம் செருகினார்கள். ஐயர் மந்திரம் சொல்லும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது என்று மண்டோர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சண்டை முடிந்து, பிள்ளைகள் பிறந்து, வீட்டுக்குத் தொலைக்காட்சியும் வந்தது. அன்று முதலில் சிரித்தது யார் என்று மரகதத்துக்கும் எனக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை. "மொதல்ல நான்தான். இவரு என்னப் பாத்துதான் சிரிச்சாரு" என்பாள். ஒருகாலத்தில் அந்தச் சிரிப்பு என்னுடையது இல்லை என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். இப்போது அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மூத்த மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்த அன்று, தொலைக்காட்சியில் ஏதோ பழைய புராணப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மண்டோர் தள்ளாத வயதிலும் சாமி வந்ததும் எழுந்து கைகூப்பினார். அந்தச் சாமிக்கும் கயிறு தெரிந்தது. நானும் மரகதமும் தரையைப் பார்த்துக்கொண்டோம். பையன் உதட்டைக் கடித்தான், கைக்குட்டையை எடுத்தான், முகம் சிவந்தது, கடைசியில் வெடித்துச் சிரித்துவிட்டு, பயந்துபோய் எழுந்து நின்றான்.

மண்டோர் கூப்பிய கையோடு திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மரகதத்திடம், "இவனுமா? சரி, நல்ல நாளாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாமி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசிவிட்டு வருகிறவர்களிடம் ஜாதகம் பொருந்தியதா என்று பிறகுதான் விசாரிப்பார்கள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பது ஒன்றுதான்: "சிரிச்சாரா?"